பதினாறுக்கு ஒன்பது

"பழைய வீட்டில் கேட்ட மாதிரி இல்லை, தம்பி. நாகசுரம் காதைக் குத்துகிறது. தவிலில் அடி விழுவது கேட்கிறது, ஆனால் சத்தத்தில் உடம்பு இல்லை."

வாத்தியார் ஐயா என் கடை வாசலில் நின்று இதைச் சொன்னது ஒரு தை மாதக் காலையில். கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே எங்கள் ஊர். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. அரசாங்கக் காகிதம் மலையாளத்தில் வரும், வீட்டுப் பேச்சு தமிழில் நடக்கும், பெரிய சாமான் வாங்கப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறுவோம். ஐயா இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஏழாம் வகுப்பில் எனக்கும் அவர்தான்.

நான் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறேன், சில வருடங்களாக வீட்டுக்கான ஸ்டீரியோ செட்டுகளும் விற்கிறேன். இருபத்திரண்டு வருடத் தொழில். 'அவனுக்குக் காது உண்டு' என்று சுற்றுவட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் அவர் வந்தார்.

அவர் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டிக் குடிபுகுந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீடு மாறியதை அவரே என்னிடம் சொன்னார். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. "ஆம்ப்ளிஃபயருக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது ஐயா, இனி அதில் உயிர் இருக்காது" என்றேன். கடையில் புதிதாக வந்திருந்த ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பழையதையும் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டேன். மார்கழிப் பனி விலகியதும் தெற்கே நெல்லியாம்பதி மலை மடிப்பு மடிப்பாகத் தெரியுமே, அப்படி இருந்தது புதியதில் கேட்டபோது. அவரும் தலையசைத்தார். வைப்புத் தொகையில் ஒன்றை முடித்து, 68,000 ரூபாய் எண்ணி வைத்தார். அது கோயில் விசேஷக் காலம். எனக்கு இரவும் பகலும் வேலை. கடைப் பையனை அனுப்பி அவர் வீட்டில் மாட்டிவிட்டு வரச் சொன்னேன். நான் போகவில்லை.

பங்குனியில் மறுபடி வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "முதல் பத்து நாள் நன்றாக இருந்தது தம்பி. இப்போது மறுபடியும் அதே குத்தல். என் காதுதான் போய்விட்டதோ?" என்று கேட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. நான் பொய் சொல்லி விற்கவில்லை. வித்தியாசத்தை நானும் என் காதால் கேட்டேன். அப்படியானால் அது எங்கே போயிற்று?

என் அக்கா மகன் இயற்பியல் படிக்கிறான், விடுமுறைக்கு வந்து கடையில் உட்காருவான். அவன் இரண்டே கேள்வி கேட்டான். "மாமா, இரண்டையும் மாற்றிப் போட்டபோது சத்தம் ஒரே அளவாக இருந்ததா? எது ஓடுகிறது என்று தெரியாமல் எப்போதாவது கேட்டீர்களா?"

முதல் கேள்விக்கு, காதால் ஒப்பிட்டு வைத்தேன் என்றேன். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்தோம். ஐயாவின் புது ஆம்ப்ளிஃபயரை ஒரு நாள் இரவல் வாங்கி வந்தோம், பழையதையும் பரணிலிருந்து இறக்கி வந்தோம். இரண்டையும் பின்னறை மேஜையில் வைத்து, வாசலில் ஒரு கம்பளிப் போர்வையைத் தொங்கவிட்டோம். முன்னறையில் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர். நடுவே இரண்டு பக்கமும் திரும்பும் ஸ்விட்ச். (இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு இரண்டு ஒயரையும் ஸ்விட்ச் வழியாகவே கொண்டுபோங்கள். கறுப்பைப் பொதுவாக விட்டால் சில ஆம்ப்ளிஃபயர்கள் எரிந்துபோகும். ஒரு பக்கத்தை முழுவதும் விட்ட பிறகே மறுபக்கத்தைத் தொடும் ஸ்விட்சாகவும் இருக்க வேண்டும்.) மருமகன் பின்னறையில் காசு சுண்டுவான். தலை விழுந்தால் பழையது, பூ விழுந்தால் புதியது. அவன் நோட்டில் அவன் எழுதுவான், என் நோட்டில் நான் எழுதுவேன். பேச்சே கிடையாது. பதினாறு முறை.

வால்யூமை என் காதுக்குச் சமமாக வைத்துக்கொண்டு முதல் சுற்று. நோட்டுகளை ஒப்பிட்டோம். பதினாறுக்குப் பதினைந்து சரி. கண்ணில் நீர் வரும் அளவுக்கு எனக்கு நிம்மதி. குருட்டாம்போக்கில் சொல்லிப் பதினைந்தோ அதற்கு மேலோ சரியாக வர, ஏறக்குறைய நாலாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. வித்தியாசம் நிஜம்.

மருமகன் சந்தோஷப்படவில்லை. மல்டிமீட்டரை எடுத்தான். 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரே சீராக ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட் அளந்தான். பழையதில் 1.90. புதியதில் 2.10.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ளது ஒரு டெசிபலுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய ஏற்றத்தை யாரும் 'சத்தம் கூடியது' என்று சொல்ல மாட்டார்கள். 'தெளிவாக இருக்கிறது', 'நிறைவாக இருக்கிறது', 'உயிர் இருக்கிறது' என்றுதான் சொல்வார்கள். நான் சொன்னதும் அதேதான். காதின் அமைப்பிலேயே இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒலியளவு தாழ்ந்திருக்கும்போது அடித்தொனி (பேஸ்) நம் காதுக்கு மற்றதைவிட மந்தமாகக் கேட்கும். அளவு கூடக்கூட அது முன்னுக்கு வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933லேயே இதை அளந்து வரைபடமாகப் போட்டிருக்கிறார்கள். ஆக, கொஞ்சம் உரக்க ஒலிக்கும் பெட்டி நிறைவாகவே தோன்றும். விற்பவனுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. எந்தக் கடையில் எந்தப் பெட்டியைப் போட்டுக் காட்டினாலும், அளந்து சமப்படுத்தினீர்களா என்று கேளுங்கள். நானே இருபத்திரண்டு வருடம் அளந்ததில்லை.

இரண்டையும் 2.00, 2.01 என்று கொண்டுவந்து நிறுத்தினோம். இரண்டு வோல்ட்டுக்கு அரைக்கால் வோல்ட் தள்ளி இருந்தால்கூடப் போதாது. நூற்றுக்கு ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் பத்தில் ஒரு டெசிபலுக்குள் அடங்கும்.

இரண்டாவது சுற்று. அன்று என்னை உலுக்கியது முடிவைவிட, கேட்கும்போது எனக்கிருந்த உறுதி. ஆறாவது முறையில் சுருதிப்பெட்டி மட்டும் நிற்கும் ஓர் இடம் வந்தது. அதில் புதியதின் குளிர்ச்சியை நான் தெளிவாகக் கேட்டேன். 'சந்தேகமே இல்லை' என்று நோட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்தேன். அது பழையது. மொத்தம் பதினாறுக்கு ஒன்பது. சும்மா காசு சுண்டி எழுதினாலே பத்துக்கு நான்கு தடவை ஒன்பதோ அதற்கு மேலோ வரும்.

மூன்றாவது சுற்றில் பதின்மூன்று சரியாக வந்தது. மறுபடி எனக்கு நம்பிக்கை பிறந்தது. ஆனால் இந்த முறை நானே உட்கார்ந்து யோசித்தேன்: இசையில் எதைக் கேட்டு அடையாளம் சொன்னேன்? சொல்லத் தெரியவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, மருமகனை ஸ்விட்சை மட்டும் திருப்பச் சொன்னேன். ஒரு பக்கம் 'டக்' என்றது, மறுபக்கம் 'டொக்' என்றது. போர்வைக்குப் பின்னால் இருந்து வந்த அந்தச் சின்னச் சத்தத்தை என் காது எனக்கே தெரியாமல் பிடித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. போதாததற்கு, இசை நின்ற இடைவெளிகளில் பழையதில் லேசான 'உம்' என்ற இரைச்சல் வேறு. அதன்பின் ஒவ்வொரு முறையும் ஸ்விட்சை ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் திருப்பிவிட்டு நிறுத்தச் சொன்னேன், இசையை நடுவில் நிறுத்தவும் இல்லை. நான்காவது சுற்றில் எட்டு. பதினாறில் சரிபாதி.

என் மனைவியும் உட்கார்ந்து பார்த்தாள்: ஏழு. மருமகனுக்கு ஒன்பது. இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே விலையில் இருந்த தூரம் காதில் இல்லை.

மருமகன் அடுத்த சில நாட்களில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, இரவு சாப்பாட்டுக்குப் பின் எனக்குத் தமிழில் சொல்வான். இரண்டு ஒலிகளைக் கேட்டுவிட்டு, மூன்றாவதாக வருவது அவற்றில் எது என்று கண்டுபிடிக்கும் முறையை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1950லேயே கையாண்டிருக்கிறார்கள். பிறகு ஸ்டீரியோ கருவிகளைச் சோதிக்கும்போது அதற்கு ஏபிஎக்ஸ் என்ற பெயர் நிலைத்தது. 2007ல் மேயர், மோரன் என்ற இருவர், சிடியைவிட நுணுக்கமாகப் பதிவு செய்த இசையை நேராகவும், அதையே சிடியின் தரத்துக்கு இறக்கியும் பலருக்குப் போட்டுக் காட்டினார்கள். 554 முறை கேட்டதில் 276 முறைதான் சரியான பதில். காசு சுண்டினால் வரும் கணக்கு.

"அப்படியானால் யாருக்கும் எதுவும் கேட்காது என்று ஆகிவிட்டதா?" என்று கேட்டேன். அவன் அவசரப்படவில்லை. 2016ல் ரைஸ் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 12,500க்கும் அதிகமான பதில்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். சரியான பதில் நூற்றுக்கு 52.3. பாதிக்கு மேல் கொஞ்சம். ஆனால் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. எதைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் அதிகம் கிடைத்திருக்கிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. மிக நுண்ணிய வித்தியாசம் சிலருக்கு, சில நேரம், பயிற்சியோடு கேட்கலாம். ஆனால் கடையில் ஐந்து நிமிடம் நின்று, விலைச் சீட்டைப் பார்த்துக்கொண்டே 'வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்' என்று சொல்கிறோமே, அது இந்த 52.3 அல்ல.

கருவிகளில் பேதமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பழுது பார்ப்பவன் அப்படிச் சொன்னால் அது பொய். கெபாசிட்டர் காய்ந்துபோன ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலை யாரும் கேட்கலாம். நூறு பேர் கூடத்துக்குப் போதிய பெட்டியைத் திருவிழாத் திடலில் வைத்து முறுக்கினால், ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அதைக் கேட்கப் பயிற்சி வேண்டாம். வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் சில, ஸ்பீக்கருக்கு ஏற்பத் தொனியையே மாற்றிவிடும். பழுதில்லாமல், சக்திக்குள் ஓடும் இரண்டு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களை அளந்து சமப்படுத்திய பிறகு பிரித்துச் சொல்வதுதான் என்னால் முடியாமல் போயிற்று.

ஒயர் விஷயமும் இப்படித்தான். நாட்டுக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அரை சதுர மில்லிமீட்டர் ஒயரை இருபது மீட்டருக்கு இழுத்து 4 ஓம் ஸ்பீக்கரில் மாட்டியிருந்தார்கள். போகவும் வரவுமாக நாற்பது மீட்டர் செம்பு. ஒயரே ஏறக்குறைய 1.4 ஓம் தடை. இரண்டரை டெசிபல் வழியிலேயே போய்விடுகிறது. தடித்த ஒயர் போட்டதும் எல்லோருக்கும் கேட்டது. அதே சமயம் வீட்டில் ஐந்து மீட்டர் தூரத்துக்கு, 8 ஓம் ஸ்பீக்கருக்கு, கடையில் கிடைக்கும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே போதும். இழப்பு பத்தில் ஒரு டெசிபல் அளவுதான். ஒயரின் தடிமனுக்குக் காசு கொடுங்கள். பெயருக்குக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் தொழிலில் இன்னொரு நம்பிக்கை உண்டு: குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் யூனிட்டை (ஒலியை எழுப்பும் பகுதி) ஒலிபெருக்கிக் குழாயில் மாட்டினால் சத்தம் 'தூரம் போகும்'. நானும் பல வருடம் அப்படியே சொல்லி வந்தேன். ஓர் ஆடி மாதம் வேலந்தாவளம் பக்கத்தில் ஒரு கோயிலில் முதல் நாள் அந்த யூனிட், மறுநாள் வேறொன்று. முதல் நாள் கிழக்கே உள்ள தோப்பு வீடுகள் வரை பாட்டு கேட்டதாகச் சொன்னார்கள், மறுநாள் கேட்கவில்லை என்றார்கள். எனக்கு அதுவே அத்தாட்சி. இந்தச் சோதனைக்குப் பிறகுதான் அந்த இரண்டு நாட்களை மறுபடி நினைத்துப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய், மேற்கு மலைத்தொடரில் விழுந்த பெரிய இடைவெளி. ஆடிக் காற்று அதன் வழியே மேற்கிலிருந்து எங்கள் மேல் பாயும். தரையருகே காற்று மெதுவாகவும், மேலே வேகமாகவும் போகும். அதனால் காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் எட்டும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். முதல் நாள் பேய்க்காற்று. மறுநாள் மழை பிடித்துக் காற்று அடங்கியிருந்தது. யூனிட்டுக்குக் கிடைத்த பெயர் உண்மையில் காற்றின் பெயர். இரண்டு பொருளை வேறு வேறு நாளில் ஒப்பிடுவதை அன்றோடு விட்டேன். ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளுக்கு மேல் நிற்பதும் இல்லை. நேற்றுக் கேட்டதை இன்றோடு ஒப்பிடுகிறேன் என்பவர், நேற்று தான் சொன்ன வார்த்தைகளைத்தான் ஒப்பிடுகிறார்.

வாத்தியார் ஐயா வீட்டுக்கு, செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாத அந்தப் பயணத்தை, சித்திரையில் செய்தேன். மருமகனும் வந்தான். பணத்தை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன், பதினைந்தும் ஒன்பதும் எழுதியிருந்த நோட்டைக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அப்படியானால் எனக்குக் குத்துவது என்ன, தம்பி?" என்றார். அதுதான் முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டினேன். 'டங்' என்று சுவரில் மோதித் திரும்பி வந்தது. வழவழப்பான டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. பழைய வீட்டில் ஓட்டுக் கூரையும் மர உத்தரமும் புத்தக அலமாரியும் கயிற்றுக் கட்டிலும் இருந்தன. அங்கே ஒலி அப்படியே சிதறி அடங்கிவிடும். இங்கே நாகசுரம் ஒவ்வொரு சுவரிலும் பட்டு மூன்று தடவை காதுக்கு வருகிறது. ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலையில், ஒன்று பீரோவின் பின்னால்.

மருமகன் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினான். ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒயரை ஆம்ப்ளிஃபயரில் கழற்றி, சிவப்பைப் பேட்டரியின் கூட்டல் முனையிலும் கறுப்பைக் கழித்தல் முனையிலும் ஒரு கணம் தொட்டான். இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு 'டப்' என்று முன்னால் வந்தது. வலது ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போயிற்று.

வீடு மாறியபோது யாரோ வலது பக்கத்து ஒயரைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. அடித்தொனியின் அலை நீளமானது, 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மூன்று மீட்டருக்கு மேல். அதனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மேல்தொனி மட்டும் மிஞ்சும். தவிலின் உடம்பு போனது இங்கேதான். என் கடைப் பையன் இருந்த ஒயரை இருந்தபடியே புது ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டு வந்திருக்கிறான். அவன் மேல் குற்றம் இல்லை. பார்க்கத் தெரிந்தவன் நான், நான் வரவில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள் என்று மருமகன் தடுத்தான். எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும். முதலில் ஒயரை மட்டும். ஐயாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னோம். அவன் காசு சுண்டி, ஒயரைச் சரியாகவோ தலைகீழாகவோ வைத்தான். எந்தப் பக்கம் விழுந்தாலும் இரண்டு ஒயரையும் ஒரு தடவை கழற்றி மாட்டினான். மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒலித்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத்துத் தாழ்ந்த ஒலிதான் தொப்பி. "தொப்பி இருக்கிறது", "தொப்பி இல்லை" என்று ஐயா சொல்லிக்கொண்டே வந்தார். பத்துக்குப் பத்து. ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. எழுபது வயதுக் காது. தன் காது போய்விட்டதோ என்று கேட்ட மனிதர் கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தை நான் நேராகப் பார்க்க முடியவில்லை.

பிறகு ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, பீரோவை அடுத்த சுவருக்குத் தள்ளினோம். கட்டிலடியில் மடித்துக் கிடந்த பவானி ஜமுக்காளத்தைக் கூடத்தில் விரித்தோம். ஜமுக்காளம் மேல்தொனியின் எதிரொலியைத்தான் கொஞ்சம் உறிஞ்சும், கீழ்த்தொனிக்கு அது போதாது. ஒலி சிதறி அடங்க, மாடியில் அடுக்கியிருந்த அவருடைய புத்தகங்களை இறக்கிப் பின்சுவர் முழுக்க வைத்தோம். அந்தப் புத்தகங்கள் கூடத்துக்குத் திரும்பி வந்ததில் அவருக்குத் தனி மகிழ்ச்சி. கடைசியாக அவருடைய பதினெட்டு வயது ஆம்ப்ளிஃபயரையே மாட்டினேன். அந்த 'உம்' இரைச்சலுக்குக் காரணமான இரண்டு கெபாசிட்டர்களை முதல் நாளே மாற்றி வைத்திருந்தேன். நாகசுரத்தைப் போட்டோம். தோடி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும், உள்ளே இருந்து ஐயாவின் மனைவி குரல் கொடுத்தார்: "இப்போதுதான் தவில் அடுப்படிக்கு வருகிறது."

இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 1994ல் ஆலிவ், டூல் என்ற இருவர், ஸ்பீக்கர் கம்பெனி ஒன்றின் ஊழியர்கள் 40 பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களைக் கண்ணுக்குத் தெரியும்படியும், திரை போட்டு மறைத்தும் போட்டுக் காட்டினார்கள். பார்த்துக் கேட்டபோது தோற்றமும் பெயரும் மதிப்பெண்ணை இழுத்துக்கொண்டு போயின. அதே ஆட்கள், ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்ததால் வந்த நிஜமான வித்தியாசத்தைப் பார்த்துக் கேட்டபோது பெரும்பாலும் கோட்டைவிட்டார்கள். கண் தன் விருப்பத்தை நம் காதில் ஏற்றுவதோடு நிற்பதில்லை, இருப்பதையும் மறைத்துவிடுகிறது. என் கடையிலும் அதுவே நடந்தது.

பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்தேன். புது ஆம்ப்ளிஃபயரைப் பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒருவர் வாங்கினார். நோட்டை அவரிடமும் காட்டினேன். "அதன் முகப்பு பிடித்திருக்கிறது, ரிமோட் இருக்கிறது, என் கூடம் பெரியது, சக்தி வேண்டும்" என்றார். நல்ல காரணங்கள். நிறைவாக வாங்கிக்கொண்டு போனார். இப்போது யார் வந்து சத்தம் சரியில்லை என்றாலும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கை தட்டிப் பார்க்கிறேன், பேட்டரியை வைத்துப் பார்க்கிறேன். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஸ்பீக்கருக்குச் செலவழிக்கச் சொல்கிறேன். ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள பேதத்தைப் போர்வைக்கு இந்தப் பக்கம் இருந்து யாரும் சொல்லிவிடலாம். கடையில் அந்தக் கம்பளி நிரந்தரமாகத் தொங்குகிறது.

என் காதையும் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் அளந்து பார்த்தேன். இடது காதில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம். ஓயாத இரைச்சலில் நிற்பவர்களுக்கு முதலில் அங்கேதான் விழும் என்றார்கள். ஆம்ப்ளிஃபயருக்கு வலப்பக்கம் நின்றே எனக்குப் பழக்கம், சத்தம் வருவது இடது காதுப் பக்கம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. நூறு டெசிபல் என்றால் கால் மணி நேரம். நாங்கள் திருவிழாவில் இரவு முழுவதும் நிற்கிறோம். இப்போது என்னோடு வேலைக்கு வரும் பையன்கள் காதில் அடைப்பான் இல்லாமல் குழாய்ப் பக்கம் போக நான் விடுவதில்லை.

ஐயா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட வேண்டும் என்றார். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஒரு தமிழ்ப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் ஸ்பீக்கரை வைத்தோம். மருமகன் 15,000 ஹெர்ட்ஸ் ஒலியைத் தயார் செய்தான். கேட்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் ஐயா. முப்பது கைகள் உயர்ந்தன. மருமகன் ஒலியை நிறுத்தினான். ஏழெட்டுக் கைகள் இறங்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் தூக்கியிருக்கிறான், அதனால் இவனும் தூக்கியிருக்கிறான்.

"கண்ணை மூடுங்கள்" என்றார் ஐயா. எல்லோரும் மூடினார்கள். ஸ்விட்ச் சத்தம் காட்டிக்கொடுக்காதபடி ஒலியை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கும் குமிழை மருமகன் என் கையில் கொடுத்தான். நான் திருப்பினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவைப் பார்த்தேன், அவரும் இல்லை என்று தலையசைத்தார். கண் மூடியிருந்த பிள்ளைகளின் கைகள் ஒவ்வொன்றாக மேலே போயின. குமிழை இறக்கினேன், கைகள் இறங்கின. மறுபடி ஏற்றினேன்.